நுரைக் கைச்சோப்பு: பூந்திக்கொட்டையா, பொட்டாஷ் சோப்பா, சீவிய சோப்புக் கட்டியா?

வேலூர்ப் பக்கம் வீட்டிலேயே நுரைக் கைச்சோப்பு செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும். காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பாதி பிடித்து, குளியல் சோப்பைக் கரைத்த தண்ணீரைப் பத்துச் சொட்டு விட்டு மூடிக் குலுக்குங்கள். நுரை விரலளவு எழும்பி அப்படியே நின்றால் மென்னீர். நுரை உடனே அடங்கி, தண்ணீர் கலங்கி, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் கடின நீர். காவிரித் தண்ணீர் வரும் தெருவில் ஒரு விடை கிடைக்கும், போர் தண்ணீரை நம்பும் அடுத்த தெருவில் வேறு விடை கிடைக்கும். எது அதிக இயற்கை என்று வாதாடுவதைவிட இந்த பாட்டில் சொல்வதைக் கேட்பது மேல்.

அடுத்தது பம்பு. நுரை பாட்டிலின் தலைக்குள் காற்றும் திரவமும் கலந்து ஒரு மெல்லிய வலை வழியாக வெளியே வரும். அதனால் உள்ளே ஊற்றுவது தண்ணீர் போல ஓட வேண்டும். மஞ்சள் தூள், வேப்பிலைப் பொடி, கற்றாழைச் சோறு எதைப் போட்டாலும் வலை அடைத்துக்கொள்ளும். கற்றாழை கூடுதலாக அழுகவும் செய்யும்.

சீவிய சோப்புக் கட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கட்டிச் சோப்பு காஸ்டிக் சோடாவில் செய்தது. சூடான தண்ணீரில் கரையும்போது அழகாக இருக்கும், ஆறியதும் சளி போல இழுக்கும் அல்லது ஜெல்லியாக உறையும். இன்னும் தண்ணீர் விட்டால் உறையாது, ஆனால் நுரைக்கத் தேவையான சோப்பும் அதில் இருக்காது. வீணாகப் போகும் துண்டுச் சோப்பைத் தீர்க்க வேண்டுமானால் துணி துவைக்கலாம், பம்புக்கு வேண்டாம்.

பூந்திக்கொட்டை அப்படியல்ல. ஆரணிப் பட்டை அலசவும் நகையைத் துலக்கவும் வீடுகளில் இருந்த சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். விதை நீக்கிய தோல் 50 கிராமை 600 மில்லி தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்க விட்டு, ஆறியதும் நன்றாகப் பிசைந்து, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஒரு முறை வடிகட்டினால் போதும் என்று தோன்றும், ஆனால் தங்கும் நார்தான் பின்னால் வலையில் சிக்கும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், பொங்கி அடுப்பை அணைத்துவிடும். குக்கரில் வைக்கவே கூடாது: நுரை ஏறி ஆவித் துளையை அடைக்கும்.

இதில் நுரைப்பது சபோனின். கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து திரிவதுபோல இது திரியாது. அதனால் போர் தண்ணீர் வீட்டில் வாஷ்பேசினில் வெள்ளைப் படலம் படியாது. குறை என்னவென்றால் நுரை லேசானது, சீக்கிரம் உடையும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும்; சின்னக் குழந்தைகள் கை கழுவும் இடத்தில் யோசித்து வையுங்கள். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வரும், அக்னி நட்சத்திரத்தில் அதற்கும் முன்பே. ஒரு வாரத்துக்கானதை ஃபிரிட்ஜிலும் மீதியை ஐஸ் தட்டிலும் வைப்பது எளிய வழி. இன்னும் தாங்க வேண்டுமானால் 400 மில்லிக்கு 2 கிராம் சோடியம் பென்சோயேட் போடலாம். ஆனால் அது புளிப்பான கரைசலில்தான் வேலை செய்யும். சிட்டிகை சிட்டிகையாகச் சிட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். (புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்) 4.5 அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான திரவ சோப்பு. இதற்குக் காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். கடையில் வெறுமனே ‘காஸ்டிக்’ என்றால் சோடாவைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் திரவம் வராது, எடைக் கணக்கும் மாறும்.

தேங்காய் எண்ணெய் 240 கிராம், விளக்கெண்ணெய் 60 கிராம். 90 சதத் தூய்மையுள்ள பொட்டாஷ் 79 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 240 கிராம். எல்லாவற்றையும் தராசில் எடை போடுங்கள், டம்ளர் கணக்கு கூடாது. இந்த அளவில் எண்ணெயில் 2 சதம் மட்டுமே சோப்பாகாமல் மிஞ்சும். அதிகம் மிஞ்சினால் திரவம் கலங்கி எண்ணெய் மேலே பிரியும். நம் பக்கத்துச் செக்கில் கடலை எண்ணெய் நல்லதாகக் கிடைக்கும்தான், ஆனால் நுரைக்கு அது உதவாது. பொட்டாஷ் அளவும் வேறு.

கையுறை, கண்ணாடி கட்டாயம். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரை வைத்து அதில் பொட்டாஷைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், பொட்டாஷ் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதனால் அது வேண்டவே வேண்டாம். கலவையை 70 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் கெட்டியாகும்வரை அடித்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மூடி இரண்டு மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். அரை மணிக்கொரு முறை கிளறினால் போதும். முதலில் மசித்த உருளைக்கிழங்கு மாதிரி இருப்பது கடைசியில் வாசலைன் போலக் கண்ணாடித்தன்மைக்கு வரும். ஒரு கிராமை 10 மில்லி சூடான ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். தெளிந்திருந்தால் வெந்துவிட்டது, பால் போலிருந்தால் இன்னும் வேக வேண்டும். பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

250 மில்லி பாட்டிலுக்கு இந்தக் களிம்பு 40 கிராம், ஒரு டீஸ்பூன் கிளிசரின், மீதி ஆர்.ஓ. தண்ணீர். கடின நீரைக் கொதிக்கவைத்து ஊற்றலாமே என்றால், கொதித்தால் ஒரு பகுதிக் கடினத்தன்மைதான் போகும். எலுமிச்சைச் சாறு விடுவது இன்னொரு பழக்கம். புளிப்பு பட்டதும் சோப்பு உடைந்து கொழுப்பாகத் திரண்டுவிடும்.

ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கைக்குப் பொட்டாஷ் சோப்பு ஒரு அழுத்து போதும். பூந்திக்கொட்டைக்கு இரண்டு மூன்று வேண்டும், வாசனையும் முழுக்கப் போகாது. தோல் வறண்டவர்களுக்கு நிலைமை தலைகீழ்: தேங்காய் எண்ணெய் சோப்பு கையை இழுத்துப் பிடிக்கும். கப்பலில் கடல்நீரிலும் நுரைக்கிறது என்று பேரெடுத்த சோப்புதான் இது. ஆனால் உப்புக் கரிக்கும் நீரைச் சமாளிப்பது வேறு, கால்சியத்தைச் சமாளிப்பது வேறு. போர் தண்ணீரில் படலம் விழத்தான் செய்யும். அந்த வீட்டில் கையை லேசாக மட்டும் நனைத்து, நுரையை முதலில் நன்றாகத் தேய்த்து, பிறகு தண்ணீரைத் திறந்தால் சோப்பு அவ்வளவாக வீணாகாது.

பாட்டில் சோதனையில் துணுக்கு மிதந்தால் பூந்திக்கொட்டை, நுரை நின்றால் பொட்டாஷ் சோப்பு. இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்துவிடாதீர்கள், புளிப்பும் காரமும் மோதித் திரியும். மாற்றி நிரப்பும்போது பம்பின் தலையைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, வெறும் தண்ணீர் வரும்வரை இருபது முறையாவது அழுத்திவிடுங்கள்.