மேற்கு மாம்பலத்து மகளிர் நன்கொடைக் குழு: ஓர் உறுப்பினரின் மதிப்புரை

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருப் பெண்கள் நடத்திவரும் நன்கொடைக் குழுவில் மாதம் 500 ரூபாய் செலுத்தி உறுப்பினராக இருக்கிறேன். சீட்டுப் பிடிப்பதைப் போலவே பணம் சேர்கிறது. எடுப்பவர் மட்டும் எங்களில் ஒருவர் அல்லர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, பெரும்பான்மையோர் ஒப்புக்கொள்ளும் ஒரு குடும்பத்துக்கோ பள்ளிக்கோ சேர்ந்த தொகை முழுவதையும் கொடுத்துவிடுகிறோம்.

கணக்கு வைக்கும் முறைக்கே முதல் பாராட்டு. வரவும் செலவும் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படுகின்றன. படிப்புச் செலவென்றால் கல்லூரியின் பெயருக்கே காசோலை எழுதப்படுகிறது. ரசீது கைக்கு வரும் வரை பொருளாளர் அம்மா அந்தக் கணக்கை முடிக்க விடுவதில்லை. தனியாகக் கொடுக்கும் 500 ரூபாய் ஒரு மாணவியின் பேருந்துச் செலவுக்கும் நோட்டுப் புத்தகங்களுக்குமே சரியாகப் போகும். சேர்த்துக் கொடுக்கும்போது ஒரு பருவக் கட்டணமே அடைபடுகிறது.

சென்னைக்கு இது புதிதன்று. சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து ஏழைகளின் உணவுக்குச் சேர்க்கும் பிடி அரிசித் திட்டத்தைக் காஞ்சிப் பெரியவர் வலியுறுத்தியதை மாம்பலத்துப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தலைமையில் இந்திய மாதர் சங்கம் தொடங்கிய புற்றுநோய் நிவாரண நிதியின் வழியாக, 1954இல் 12 படுக்கைகளோடு உருவானதுதான்.

அந்த மருத்துவமனையை நோயாளி எவரும் நாடி வரலாம். எங்கள் குழுவை அப்படி நாட முடியாது. உதவி வேண்டுபவரை உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும் என்பது விதி. அதனால் எங்கள் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு வழியிருக்கிறது. ரயில் நிலையத்தருகே பூ விற்பவருக்காகப் பேச ஆளில்லை. அனைவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்பது இன்னும் பெரிய குறை. மாதம் 50 ரூபாய் தரக்கூடிய வீட்டு வேலைப் பெண்கள் இங்கே பெறுபவராக வரலாம், வாக்களிப்பவராக வர முடியாது என்பது எனக்கு ஏற்புடையதன்று.

குழு பதிவு பெறாதது என்பதால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. சேர நினைப்பவர்கள் முதலில் ஒரு கூட்டத்தில் அமர்ந்து பார்க்கலாம். தடையில்லை, காபியும் உண்டு. தொகையை அவரவர் இயன்றபடி செலுத்தலாம் என்ற தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. என் வாக்கு அதற்குத்தான்.