மதுரையில் ஒரு ராணுவப் பயிற்சி மையம்: மைதானம் அருமை, ஆலோசனை மேசை அப்படியல்ல

நானும் என் அக்கா மகனும் மதுரையிலுள்ள ஒரு ராணுவப் பயிற்சி மையத்தில் ஒரே நாளில் பணம் கட்டிச் சேர்ந்தோம். எனக்கு வயது 34, தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை. அவனுக்கு 19, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு உசிலம்பட்டிப் பக்கம் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு, சொந்த வேலையை விடாமலே பகுதி நேரமாகப் பணியாற்றும் டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாக வேண்டுமென்று ஆசை; அவனுக்கு எப்படியாவது சீருடை போட்டால் போதும். ஐந்து மாதம் கழித்து அவன் திருப்தியோடும் நான் எரிச்சலோடும் வெளியே வந்தோம். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே போன்ற மையத்தில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு படிக்கட்டுப் படம் இருக்கும். கீழ்ப்படியில் அக்னிவீர் (நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் சிப்பாய்), நடுவில் பிராந்திய ராணுவச் சிப்பாய், உச்சியில் அதிகாரி. பக்கத்தில் தோனியின் பெரிய புகைப்படம். தோனிக்கு 2011-இல் பிராந்திய ராணுவத்தில் அளிக்கப்பட்டது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. அவர் எந்தத் தேர்வும் எழுதி வரவில்லை என்பதை அந்தப் படம் சொல்லாது. 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவருக்குச் சுவரில் இடமில்லை. போகட்டும். ஆலோசனை மேசையில் இருந்தவர் அந்தப் படிக்கட்டைக் காட்டி, "தம்பி, சிப்பாயாப் போனா காலம் பூரா சல்யூட் அடிக்கணும், ஆபீசராப் போனா வாங்கிக்கிடலாம்" என்று என் மருமகனிடம் சொல்லி, கட்டணம் இரு மடங்காக இருந்த அதிகாரி வகுப்பில் சேரச் சொன்னார்.

அவன் பட்டதாரி இல்லை. பிராந்திய ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். வயது 18 முதல் 42 வரை இருக்கலாம். அதற்கும் மேலாக, விண்ணப்பிப்பவர் வருமானமுள்ள வேறொரு வேலையில் இருக்க வேண்டும். இடங்களும் சொற்பம்: 2025 அறிவிக்கையில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு ஒன்று. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பையனுக்கு இதை விற்கப் பார்த்தது கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. நான் குறுக்கிட்டதால் அவனை அக்னிவீர் தேர்வுக்கான சிப்பாய் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

என்னிடம் சொன்னதும் பாதி உண்மைதான். லெப்டினன்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், ராணுவப் பணிப்படி 15,500 ரூபாய் என்று அட்டையில் எழுதியிருந்தது. தொகை சரி. ஆனால் பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கப்பட்டிருக்கும் நாள்களுக்கு மட்டுமே அது கிடைக்கும் என்ற வரியை அட்டையில் காணோம். ஓய்வூதியம் உண்டு என்றார்கள். அதிகாரிக்கு அப்படி அழைக்கப்பட்டுப் பணியாற்றிய காலம் மட்டும் 20 ஆண்டு சேர வேண்டும், சிப்பாய்க்கு 15 ஆண்டு. ஆண்டுக்கு இரண்டு மாதம் முகாமுக்குப் போய்வருகிறவன் இந்தக் கணக்கை எப்போது முடிப்பான் என்று கேட்டபோது, "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம் சார்" என்பதே பதில்.

என்னைப் போன்றவர்களுக்கு உண்மையான தடை நிறுவனத்தின் சம்மதம். ஆண்டுதோறும் இரண்டு மாதம் விடுப்பு என்றதும் என் மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 1948-ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டத்தில், பணி முடித்துத் திரும்புகிறவரை மறுபடி வேலையில் அமர்த்தும் கடமையை நிறுவனத்தின் மேல் வைக்கும் பிரிவு ஒன்று இருப்பதை நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டு அவரிடம் காட்டினேன். அதிகாரி வகுப்பின் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டிய செய்தி இது. ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட அது பேச்சில் வரவில்லை.

எழுத்துத் தேர்வுக்கான கணிதமும் தர்க்கமும் ஓரளவு நன்றாகவே நடந்தன. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஐந்து நாள் நடக்கும் எஸ்எஸ்பி நேர்காணலுக்கான பயிற்சிதான் வேடிக்கை. அங்கே ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். எழுதுகிறவனின் இயல்பை அறிவதற்கான சோதனை அது. இங்கே கதையையே தயாராகக் கொடுத்துவிட்டார்கள். மாதிரித் தேர்வில் எங்கள் வகுப்பிலிருந்த பதினொரு பேரில் ஒன்பது பேரின் நாயகர்கள் வைகை வெள்ளத்தில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றியிருந்தார்கள். வைகையில் வெள்ளம் பார்ப்பதே அபூர்வம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், ஒன்பது பேரையும் ஒரே தேர்வாளர் படிக்க நேர்ந்தால் என்ன நினைப்பார்?

மைதானம் இதற்கு நேர்மாறு. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். காலை ஐந்து மணிக்கு விசில் ஊதுவார். ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாமே அளந்து வெட்டி, விழும் பக்கத்தில் ஆற்று மணல் கொட்டியிருந்தார். புல்-அப்ஸ் கம்பியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தும் முதல் வாரத்தில் என் மருமகனின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "மாமா, சோத்தைப் பிசைய முடியல" என்று ஸ்பூன் கேட்டான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. ஐந்தே முக்காலுக்குள் என்றால் 48. சேர்ந்தபோது 6 நிமிடம் 50 விநாடி எடுத்தவன், கடைசி வாரத்தில் 5 நிமிடம் 28 விநாடியில் வந்தான். இரண்டாம் சுற்றில் முந்தப் பார்க்காதே, மூன்றாவதில் மூச்சைப் பிடி என்று ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த மனிதருக்காக மட்டும் சிப்பாய் வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

அந்த வகுப்பிலும் குறை உண்டு. அக்னிவீர் எழுத்துத் தேர்வை 2025 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் மையம் தந்த வினாத்தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நான்கு ஆண்டு முடிந்தால் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்று மொத்தமாகக் கிடைக்கும், ஓய்வூதியம் இல்லை, நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதையும் ஹவில்தார்தான் பையன்களை மண்ணில் உட்காரவைத்துச் சொன்னார், மேசைக்காரர் அல்ல. படைக்குள் போன பிறகும் படித்து, டேராடூன் ஆர்மி கேடட் கல்லூரி வழியாகச் சிப்பாய் அதிகாரியாகலாம் என்பதை அவர் வாயால் கேட்டபோதுதான் சுவரிலிருந்த படிக்கட்டு எவ்வளவு தவறானது என்று புரிந்தது. பிராந்திய ராணுவ அதிகாரி என்பது, ஏற்கெனவே ஒரு தொழிலில் காலூன்றியவன் அதை விடாமல் ஏற்கும் இன்னொரு பொறுப்பு. அக்னிவீர், குறைந்தது நான்கு ஆண்டுக்காவது, பையனின் முழுப் பிழைப்பு. இரண்டையும் மேல்படி, கீழ்ப்படி என்று அடுக்கி விற்றால் இருவருமே ஏமாறுவார்கள்.

சிப்பாய் வகுப்புக்கு ஐந்தில் நான்கு. அதிகாரி வகுப்புக்கு ஒன்றரை. மதுரை மாவட்டத்துக்கான ஆள்சேர்ப்பு அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. ராலி எனப்படும் ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கூட்டிச்செல்ல மையம் வேன் வைப்பதாகச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. என் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருமாறு எழுதிக்கொடுத்து மூன்று வாரம் ஆகிறது; இன்னும் பதில் வரவில்லை.