பூட்டுப்போட்ட பழைய பிளாப்பிகளுக்கு கிரீஸ்வீசல் வி4: வாங்கலாமா?

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையின் பீரோவிலோ தருமபுரி ஆடிட்டர் அலுவலகப் பரணிலோ லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்குத்தாள் சாஃப்ட்வேரின் ஒரிஜினல் பிளாப்பி கிடந்தால், அதை ஓட்டிப் பார்க்கும் முன் நகலெடுங்கள். அதற்குத்தான் கிரீஸ்வீசல் என்ற இந்தப் போர்டு: பிளாப்பி டிரைவை யூஎஸ்பி வழியே இன்றைய கணினியோடு இணைப்பது, நகலெடுக்க முடியாதபடி பூட்டிய டிஸ்க்குகளையும் படிப்பது. நேர்மையாக வாங்கியவர் பாதுகாப்புக்கு நகலெடுப்பதை நம் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 52 அனுமதிக்கிறது.

360 கேபி டிஸ்க்கில் டாஸின் நகலெடுக்கும் கட்டளையான டிஸ்க்காப்பிக்கு 40 டிராக் (வட்டத் தடம்), டிராக்குக்கு 512 பைட்டில் 9 செக்டர் (தடத்தின் துண்டு) என்ற கணக்குதான் தெரியும். பூட்டியவர்கள் அந்தக் கணக்கில்தான் கை வைத்தார்கள்: செக்டர் அளவை மாற்றினார்கள், 40-க்கு வெளியே ஒரு டிராக் எழுதினார்கள், படிக்கும் ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும் ‘வீக் பிட்’ வைத்தார்கள். நகலில் விடை மாறாமல் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காப்பி டூ பிசி என்ற அந்தக் கால நகல் சாஃப்ட்வேர் இவற்றில் சிலவற்றைச் சமாளித்தது. மற்றவற்றுக்கு டிரைவை இயக்கும் பிசியின் கண்ட்ரோலர் சிப்பே இடம் தராததால் ஆப்ஷன் போர்டு என்று தனிக் கார்டு விற்றார்கள். கிரீஸ்வீசல் அந்தச் சிப்பையே விட்டுவிடுகிறது. ஹெட்டிலிருந்து (டிஸ்க்கைப் படிக்கும் முனை) வரும் துடிப்புகளின் இடைவெளியை யூஎஸ்பி வழியே அப்படியே பதிகிறது.

5.25 அங்குல டிரைவ் போர்டோடு வராது, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தேடிப் பாருங்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி தராது. பழைய கணினியின் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதும்: 20 அல்லது 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்தால் ஓடும். கேபிளில் 5.25-க்கான அகலமான எட்ஜ் கனெக்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிஸ்க்கின் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடிவிட்டுத்தான் டிரைவில் போட வேண்டும்; இன்ஸ்டால் எண்ணிக்கையை டிஸ்க்கிலேயே குறைக்கும் சாஃப்ட்வேர்களும் இருந்தன. டிராக் 0 முதல் 41 வரை, இரு பக்கமும், 5 சுற்று படியுங்கள். 1.2 எம்பி டிரைவ் என்றால், அதன் தடங்கள் பாதி இடைவெளியில் இருப்பதால், ஹெட் இரண்டிரண்டாகத் தாண்ட ஸ்டெப் 2 கொடுக்க மறக்காதீர்கள். 360 கேபி டிஸ்க் ஏறக்குறைய 30 எம்பி கோப்பாக வரும், மிரள வேண்டாம்.

கோப்பை எச்எக்ஸ்சி மென்பொருளில் திறந்தால் கெட்ட செக்டர்கள் சிவப்பாகத் தெரியும். சிவப்பு அங்கங்கே சிதறியிருந்தால் பூஞ்சை: ஹெட் தொடும் ஜன்னலில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா பாருங்கள், ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், ஹெட்டையும் சேர்த்துத்தான். இல்லையென்றால் அந்த அழுக்கு அடுத்த டிஸ்க்கைக் கீறும். ஒரே டிராக்கில் மட்டும், எத்தனை முறை படித்தாலும் அதே இடத்தில் சிவப்பு என்றால் அது பெரும்பாலும் பூட்டுதான். அதைச் ‘சரிசெய்தால்’ நகல் ஓடாது.

திருப்பி எழுதுவதில்தான் தலைவலி. 1.2 எம்பி டிரைவின் ஹெட் குறுகலானது. ஏற்கெனவே எழுதிய டிஸ்க்கில் பழைய தடத்தின் ஓரம் மிஞ்சி, 360 கேபி டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். எழுத அசல் 40 டிராக் டிரைவே வேண்டும். எச்டி (1.2 எம்பி) டிஸ்க் இதற்கு ஆகாது, அதன் காந்தப் பூச்சே வேறு.

புரோலாக் என்ற பூட்டு போட்ட டிஸ்க்கில் இந்தப் போர்டு தோற்றுப்போகும். அங்கே பூட்டு, மேற்பரப்பில் வேண்டுமென்றே உண்டாக்கிய ஒரு காயம். புரோகிராம் அந்த இடத்தில் எழுதிப் பார்க்கும். எழுதியது பதிந்துவிட்டால் டிஸ்க் போலி என்று நின்றுவிடும்.