மூட்டுவலிக்கு எலும்பு டாக்டரா, ருமட்டாலஜி டாக்டரா?

அம்மாவுக்கு முதலில் நின்றுபோனது பூ கட்டுவதுதான். மல்லிகை அரும்பை வைத்து நாரைச் சுண்டி முடிச்சுப் போட விரல் மடங்கவில்லை. காலைக் காப்பியை இரண்டு உள்ளங்கையாலும் டம்ளரை அணைத்துப் பிடித்துத்தான் குடிப்பார். ஒன்பது மணிக்கு மேல்தான் கை கொஞ்சம் வசத்துக்கு வரும். கும்பகோணத்திலேயே ஓர் எலும்பு டாக்டரிடம் ஒரு வருஷம் காட்டினோம். அதன்பிறகு மூன்று வருஷமாகப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ருமட்டாலஜி டாக்டர், அதாவது மூட்டுவாத நோய்களுக்கான டாக்டர். இரண்டு வைத்தியத்தையும் கூடவே இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

வசதி என்றால் எலும்பு டாக்டர்தான். சாயங்காலம் டோக்கன் போட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஜிப்மருக்கு விடியுமுன் பஸ் ஏற வேண்டும், அன்றைய நாள் அதற்கே சரி. எலும்பு முறிவு, தேய்மானம், மூட்டு மாற்று ஆபரேஷன் எல்லாம் எலும்பு டாக்டருடைய வேலை. அப்பாவின் முழங்காலுக்கு இன்றும் அங்கேதான் போகிறோம்.

அம்மாவுக்கு இருந்தது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய். தேய்மானத்தில் காலைப் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். இதில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். மணிக்கட்டும் விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் இரண்டு கையிலும் சேர்ந்தாற்போல் வீங்கும். "காலையில எந்திரிச்சா எவ்வளவு நேரம்மா கை மடங்காம இருக்கு?" என்று ஜிப்மரில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். அதற்கு முன் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையான ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்ததோடு பேச்சு முடிந்திருந்தது. அது நெகட்டிவாக இருந்தாலும் நோய் இருக்கலாம், பாசிட்டிவாக இருந்தும் இல்லாமல் போகலாம். ஜிப்மரில் இதே நோய்க்கு எடுத்த இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி சிசிபி பாசிட்டிவ். அந்த ஒரு வருஷத்தில் கோணிய வலது சுட்டுவிரல் இன்னும் நிமிரவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறு விஷயம்: மருந்தைக் கொடுத்த பிறகு யார் கண்காணிக்கிறார்கள் என்பது. முதல் வருஷம் வலி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடி அதே சீட்டு. நடுவில் சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஜிப்மரிலும் கொடுத்தார்கள், ஆனால் நோயையே கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்கள், குறைந்த அளவில், படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை. போட்டதும் காலண்டரில் அம்மாவே வட்டம் போடுவார். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. பலன் தெரிய ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். இரண்டாம் மாதம் அம்மா "இதுக்கு அந்த ஊசியே தேவலை" என்று அழுதுவிட்டார். டாக்டர் 10 மில்லிகிராமை 15 ஆக்கினார். ஒருமுறை ஈரல் டெஸ்டில் கொஞ்சம் ஏறியிருந்தது, குறைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், முழங்கால் என்று 28 மூட்டையும் அழுத்திப் பார்த்து, எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணி எழுதுகிறார்கள். அந்தக் கணக்கோடு, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் அல்லது சிஆர்பியையும் சேர்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். "இப்ப பரவாயில்லையா?" என்ற கேள்வியை மட்டும் நம்பி இந்த நோயை ஓட்ட முடியாது. வலி அடங்கியிருக்கும்போதே உள்ளே மூட்டு அரிக்கலாம்.

இது ஒருவரின் அனுபவம்தான். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரை போதாதபோது போடும் பயாலஜிக் ஊசி எங்களுக்குத் தேவைப்படவில்லை, சித்த மருந்தும் எடுத்ததில்லை. அதனால் அவற்றை இங்கே எடைபோடவில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

தூரம்தான் தயக்கம் என்றால், நாங்கள் செய்வது இது: ரத்தப் பரிசோதனையைக் கும்பகோணத்திலேயே எடுத்துவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ரிப்போர்ட்டுகளையும் காலண்டர் தாள்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறோம்.