சிறு அலுவலக பயர்வோல்: விபிஎன் லைசன்ஸ் எதை எண்ணுகிறது?

கொழும்பு யூனிட்டி பிளாசாவில் பயர்வோலுக்கு (அலுவலக வலையமைப்பைக் காக்கும் பெட்டி) கொட்டேஷன் கேட்டால் பெட்டியின் விலை மேலே இருக்கும். வீட்டிலிருந்து அலுவலக வலையமைப்புக்குப் பாதுகாப்பாக இணைவோருக்கான விபிஎன் லைசன்ஸ் கடைசி வரியில் வரும், சிலவேளை வரவே வராது. வருடக்கணக்கில் பாவிக்கும்போது பணம் போவது அந்த வரியில்தான்.

சிஸ்கோவின் விபிஎன் மென்பொருளான செக்யூர் கிளையன்ட், அதாவது பழைய எனிகனெக்ட், அட்வான்டேஜ், பிரீமியர் என்ற லைசன்ஸ் வகை இரண்டிலும் ஆட்களை எண்ணும். மாதத்தில் ஒருநாள் இணைபவரும் கணக்கில் சேர்வார். குறைந்தது 25 பேருக்கு வாங்க வேண்டும்; வெள்ளவத்தையில் எட்டுப் பேர் உள்ள கணக்காய்வு அலுவலகத்துக்கு 17 இடம் வீண். சோனிக்வோல் பயர்வோல் ஒரே நேரத்தில் இருக்கும் இணைப்புகளை எண்ணும். அதில் எஸ்எஸ்எல் விபிஎன், குளோபல் விபிஎன் கிளையன்ட் என்ற இரண்டு இணைப்பு முறைகளுக்கும் லைசன்ஸ் வெவ்வேறு, ஒன்றை மற்றதற்குப் பாவிக்க முடியாது. ஃபோர்டிகேட், சோபோஸ் பயர்வோல்கள் இரண்டும் விபிஎன்னுக்கு ஆள் எண்ணிக் காசு கேட்பதில்லை. பெட்டியின் திறன்தான் எல்லை. இருபது பேருக்குக் குறைந்த அலுவலகத்துக்கு எங்கள் தெரிவு இந்த வகைதான்.

ஒரே நேர இணைப்பை எண்ணும் லைசன்ஸில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. வீட்டில் கரண்ட் போய் ரவுட்டர் நின்றால், பழைய செஷன் (முடியாத இணைப்பு) பயர்வோலில் அப்படியே கிடக்கும். அவர் மறுபடி இணையும்போது இரண்டாவது இடமும் போகும். ஐந்து லைசன்ஸ் இருந்தும் நான்காமவருக்கே கதவு அடைபடுவது இதனால்தான். சும்மா கிடக்கும் இணைப்பை வெட்டும் ஐடில் டைம்அவுட்டை 15 நிமிடமாக்கி, மறுமுனை இல்லாமல் போனதைக் கண்டுபிடிக்கும் டெட் பியர் டிடெக்ஷனை இயக்கி, ஒரு பெயருக்கு ஒரு லொகின் என்று கட்டுப்படுத்துங்கள். போனிலும் லேப்டாப்பிலும் சேர்ந்து இணைபவர் இருந்தால் அவருக்கு மட்டும் இரண்டு லொகின் விட்டு, இரண்டு இடம் ஒதுக்குங்கள்.

லைசன்ஸ் கேட்காத வகையிலும் செலவு இருக்கிறது. ஃபோர்டிகேட்டோடு இணைய லேப்டாப்பில் போடும் ஃபோர்டிகிளையன்ட்டின் இலவச விபிஎன் பதிப்புக்கு நிறுவன உதவியும் மத்திய நிர்வாகமும் இல்லை. ஒவ்வொரு லேப்டாப்பையும் தனித்தனியே அமைக்க வேண்டும். இரண்டாம்படி சரிபார்ப்புக்குக் குறியீடு தரும் ஃபோர்டிடோக்கன் இரண்டு பெட்டியோடு வரும், மிச்சம் காசுக்கு. இன்னொன்று, ஃபோர்டிகேட்டின் உள்மென்பொருளான ஃபோர்டிஓஎஸ் 7.6.3 இலிருந்து எஸ்எஸ்எல் விபிஎன் டனல் முறையே இல்லை. 40எஃப், 60எஃப் போன்ற 2 ஜிபி ரேம் உள்ள சிறிய ஃபோர்டிகேட் பெட்டிகளில் அது 7.6.0 இலேயே போய்விட்டது. பழைய அமைப்பில் இருப்பவர்கள் முதலில் இன்னொரு விபிஎன் முறையான ஐகேஈவி2 ஐபிசெக்கைப் பக்கத்தில் அமைத்து, ஆட்களை ஒவ்வொருவராக மாற்றி, பிறகே அப்டேட் போட வேண்டும். அதற்கு யுடிபி போர்ட் 500, 4500 இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

பெட்டி வாங்கமுன் அலுவலக லைனுக்கு நிலையான பொது ஐபி (மாறாத இணைய முகவரி) கேளுங்கள். 4ஜி ரவுட்டரில் பெரும்பாலும் பகிர்ந்த ஐபிதான் கிடைக்கும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அலுவலக உள்வலையமைப்பின் முகவரித் தொகுதி 192.168.1.0/24 ஆக இருந்தால் உடனே மாற்றுங்கள். அநேக வீட்டு ரவுட்டர்களும் அதே எண்தான். விபிஎன் இணைந்ததாகக் காட்டும், சேர்வர் மட்டும் தெரியாது. 10.37.20.0/24 போன்ற ஒன்று போதும்.

விலை டொலரில், அதற்கு மேல் 18% வற். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதால், ஒருவருடச் சப்போர்ட் (அப்டேட்டும் நிறுவன உதவியும் தரும் ஒப்பந்தம்) வைத்திருந்தவர்கள் புதுப்பிக்கும்போது திணறினார்கள். சப்போர்ட் முடிந்தாலும் விபிஎன் ஓடும், ஆனால் புதிய ஃபேர்ம்வெயார் (பெட்டியின் உள்மென்பொருள்) வராது. இணையத்துக்குத் திறந்திருக்கும் பெட்டிக்கு அது பெரும் ஆபத்து. ஆகவே மூன்றுவருடச் சப்போர்ட்டையும் சேர்த்தே கொட்டேஷன் கேளுங்கள்.