கிரானா, சிஸ்டம்டி டைமரா?

உபுண்டு லினக்ஸில் அப்டேட்டை நேரம் குறித்து தானாக ஓட்டும் டூல்களில் கிரான் பழைய கை. ‘0 3 * * *’ என்று தொடங்கும் ஒரே வரி, தினமும் அதிகாலை 3 மணிக்கு வேலை நடக்கும். இரவு பகலாக ஓடும் சர்வருக்கு அது போதும். லேப்டாப்பில்தான் சிக்கல்: அந்நேரம் மூடிக் கிடந்தால் போச்சு. என் பழைய லேப்டாப் இப்படித்தான் மாதக்கணக்கில் அப்டேட்டையே பார்க்கவில்லை.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமரும் இதே வேலையைச் செய்யும். அதில் ‘பெர்சிஸ்டெண்ட்’ என்பதை ட்ரூ ஆக்கினால், தவறிய வேலையை மெஷின் ஆன் ஆனதும் ஓட்டிவிடும். உபுண்டுவோடு வரும், அப்டேட்டை இன்ஸ்டால் செய்யும் ஆப்ட் அப்கிரேட் டைமரும் இந்த ரகம்தான். காலை 6 மணிக்கு மேல் 60 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் கிளம்பும். எல்லா மெஷினும் ஒரே நொடியில் சர்வரை மொய்க்க வேண்டாமே! சொந்தமாக எழுதினால் நேரத்தைச் சொல்லும் டைமருக்கு ஒன்று, வேலையைச் சொல்லும் சர்வீஸுக்கு ஒன்று என ரெண்டு ஃபைல். அது மட்டும் கொஞ்சம் எரிச்சல்.