முதல் நாலு டம்ளர்: நான்கு வருட ஆர்.ஓ. அனுபவம்

நண்பன் ஒருவன் போன வாரம் கொளத்தூர் போய் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன் வாங்கி வந்தான். முட்டை பொரிக்க உப்பு குறைந்த தண்ணீர் கேட்கும் மீன் அது. அன்று ராத்திரியே போன். "மச்சான், உன் வீட்டுல இருக்கிற ஆர்.ஓ. மிஷினையே நானும் போட்டுடட்டுமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நான்கு வருடமாக ஓடுகிற மிஷின் அது. அதன் மேல் மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,200. 80 ஜி.பி.டி. (நாளுக்கு 80 கேலன்) மெம்பரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, அதை 50க்குக் கொண்டுவந்துவிடும். மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குக் குறையாது. பூஸ்டர் பம்ப் ஒருநாள்கூடப் படுத்ததில்லை.

ஆனால் மீனுக்குப் போவது மிஷின் குழாயில் நேராக வரும் தண்ணீர் இல்லை, அது டிரம்மில் சேர்ந்து நிற்கும் தண்ணீர். எட்டு மாதமாக என் டிரம்மில் 110க்குக் குறைந்து மீட்டர் காட்டவே இல்லை. தொட்டியில் ஊற்றி, தீனியும் கழிவும் சேர்ந்தால் அது இன்னும் ஏறும். என் டிஸ்கஸ் ஜோடி மூன்று முறை கோனில் (முட்டை வைக்கத் தொட்டியில் நிறுத்தும் கூம்பு) முட்டை வைத்தது. மூன்று முறையும் இரண்டாம் நாளே முட்டைகள் வெளுத்துப் போயின. தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெள்ளை முட்டைகளைச் சுற்றி ஜோடி விசிறிக்கொண்டே நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

சர்வீஸுக்குச் சொன்னேன். வந்தவர் மீட்டரை டிரம்மில் விட்டுப் பார்த்தார். "மெம்பரேன் போயிடுச்சு சார்." மாற்றினார், 1,800 ரூபாய். பத்து நிமிடம் ஓடவிட்டுக் குழாயில் பிடித்துக் காட்டினார், 50. ஒரே வாரத்தில் டிரம் மறுபடி 110. திரும்பக் கூப்பிட்டால், போர் தண்ணீர் மோசம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை நானே எவர்சில்வர் டம்ளரோடு தரையில் உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க நின்றிருந்த மிஷினைப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு டம்ளராகப் பிடித்து அளந்தேன். முதல் டம்ளர் 340. இரண்டாவது 180. அடுத்து 95, 60. ஐந்தாவதிலிருந்து 50, அதற்குமேல் அசையவில்லை. பம்ப் நிற்கும்போது அழுத்தம் போய்விடுகிறது. அழுக்குப் பக்கத்து உப்பு மெம்பரேன் வழியாக நல்ல பக்கத்துக்கு மெல்ல மெல்லக் கசிகிறது. மறுபடி ஓடும்போது முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

சரி, ஒரு டிரம்முக்கு நாலு டம்ளர் என்ன பெரிய கணக்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பம்ப் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. அம்மா பருப்புக்கு டிரம்மிலிருந்து ஒரு ஜக் எடுத்திருக்கிறார். "இந்தத் தண்ணியிலதான்டா பருப்பு வெண்ணெயா வேகுது." டிரம்மில் ஒன்றரை லிட்டர் குறைந்ததும், தண்ணீர் மட்டத்தோடு மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச் பம்பைப் போடுகிறது, ஏழெட்டு நிமிடத்தில் நிறுத்துகிறது. ஒரு நாளைக்கு இப்படி ஐந்தாறு தடவை. அந்த ஒன்றரை லிட்டரில் பாதிக்கு மேல் முதல் நாலு டம்ளர்தான். சராசரி போட்டுப் பார்த்தேன். 113. எட்டு மாதமாக மீட்டர் காட்டியது அதைத்தான்.

இப்போது நல்ல தண்ணீர் வரும் குழாயில் மூன்று வழி வால்வு ஒன்று போட்டிருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் வாளிக்கு, அதற்குப் பிறகுதான் டிரம்முக்கு. சனிக்கிழமை ராத்திரி ஒரே ஓட்டத்தில் 60 லிட்டர், ஐந்து மணி நேரம். அம்மாவுக்குத் தனியாக ஒரு குடம் நிரப்பி வைத்துவிடுகிறேன். டிரம் 52 காட்டுகிறது. 60 லிட்டருக்குக் கழிவாக 180 லிட்டர் போகிறது. கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் பிடித்து வைக்கிறோம். கோடையில் அதைப் பார்த்தால் இன்னும் மனசு கேட்பதில்லை.

குடிதண்ணீருக்கான மிஷினை மீனுக்குப் போடுபவர்கள் டி.டி.எஸ். கன்ட்ரோலரை முழுக்க மூடிவிட வேண்டும். அது போர் தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிடும். மூடினோமா என்பதை மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆக, மிஷின் நல்ல மிஷின். ஆனாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஃப்ளோட் சுவிட்ச் வைத்துத் தானாக ஓடும்படி விற்கிறவர்கள், ஒரு வால்வு வைக்கவும் ஒரு வார்த்தை சொல்லவும் தெரியாதவர்களா? அந்த எட்டு மாதத்தை என்னால் விட்டுத்தள்ள முடியவில்லை.

பழைய மெம்பரேனை அன்றைக்கே கேட்டு வாங்கி, ஈரத்தோடு கவரில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். நேற்று அதை மாட்டி, ஐந்து டம்ளர் கீழே கொட்டிவிட்டு ஆறாவதைப் பிடித்தேன். 56.